மதில் ஓரத்து இட்லிப்பூ ஏன் மஞ்சளடிக்கிறது?

கேள்வி இதுதான்: புது வீட்டின் முன்மதிலை ஒட்டி மூன்று வருடத்துக்கு முன்பு பன்னிரண்டு இட்லிப்பூக் கன்றுகளை வேலிபோல வரிசையாக நட்டிருக்கிறீர்கள். முதல் வருடம் கொத்துக் கொத்தாகப் பூத்தது. இப்போது கொழுந்தெல்லாம் மஞ்சள், பூ அங்கொன்றும் இங்கொன்றும். ஊற்றுவது போர்த் தண்ணீர். யூரியா போட்டாயிற்று, முட்டை ஓடு, எலும்புத் தூள் போட்டாயிற்று, யாரோ சொன்னார்கள் என்று பழைய ஆணிகளையும் வேரடியில் புதைத்தாயிற்று. எதற்கும் அசையவில்லை. பிடுங்கிவிட்டு வேறு செடி வைக்கலாமா என்று கேட்கிறீர்கள்.

பிடுங்க வேண்டாம். நீங்கள் சொன்ன அடையாளங்களை வைத்துப் பார்த்தால் இது நோய் இல்லை. உங்கள் செடி சுண்ணாம்புக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கு நல்லது என்று நினைத்து நீங்கள் போட்டவற்றில் பாதி, அந்தச் சுண்ணாம்பை இன்னும் கூட்டியிருக்கிறது.

எனக்குச் சொந்த ஊர் மார்த்தாண்டம் பக்கம். அங்கே இதைத் தெச்சி என்போம். வேலியோரத்தில், கோயில் நந்தவனத்தில், ஆள் உயரத்துக்கு மேலே வளர்ந்து நிற்கும். யாரும் உரம் வைத்து நான் பார்த்ததில்லை. சிறுவயதில் பூவைக் காம்போடு உருவி, நீளக் குழலின் அடியில் இருக்கும் ஒரு சொட்டுத் தேனை உறிஞ்சிவிட்டுப் போட்டுவிடுவோம். அப்புறம் வேலைக்காகச் சென்னைக்கு வந்து, புறநகரில் வீடு கட்டி, ஊரிலிருந்தே பதியன் கொண்டுவந்து வைத்தேன். இரண்டாவது வருடம் உங்களுக்கு நடந்தது அப்படியே எனக்கும் நடந்தது. அதே செடி, அதே கை. மாறியது மண்ணும் தண்ணீரும்தான். இதைப் புரிந்துகொள்ள எனக்கு நான்கு வருடம் ஆனது. உங்களுக்கு அவ்வளவு காலம் ஆக வேண்டியதில்லை.

செடியின் பிறப்பிடத்தைக் கொஞ்சம் சொன்னால் விஷயம் எளிதாகப் புரியும். இட்லிப்பூ நம் சொந்தச் செடி. தென்னிந்தியாவும் இலங்கையும் அதன் தாயகங்களில் சேர்ந்தவை. பழந்தமிழில் இதன் பெயர் வெட்சி. பகைவர் ஆநிரையைக் கவரப் போகும் வீரர்கள் சூடிய பூ, அதனால் அந்தத் திணைக்கே வெட்சி என்று பெயர். 1753-ல் லின்னேயஸ் இதற்கு இக்சோரா காக்சினியா என்று பெயர் வைத்தார். அந்த ‘இக்சோரா’கூட ‘ஈசுவரா’ என்ற நம் சொல்லின் திரிபுதான். காப்பிச் செடியின் குடும்பம் இது. இலைகளை விலக்கிக் கணுவைப் பாருங்கள்: எதிரெதிரே இரண்டு இலை, நடுவில் ஊசிமுனைபோல ஒரு சிறு செதில். காப்பிச் செடியின் கணுவிலும் அதையே பார்க்கலாம். மழை நிறையப் பெய்து சுண்ணாம்பெல்லாம் கழுவப்பட்டுப்போன செம்மண்ணிலும் துருக்கல் மண்ணிலும் வளர்ந்து பழகிய செடி. அதற்குப் புளிப்பு மண் வேண்டும். மண்ணின் புளிப்பையும் காரத்தையும் காட்டும் அளவு பி.ஹெச்; எண் 7-க்குக் கீழே என்றால் புளிப்பு, மேலே என்றால் காரம். அது 5 முதல் 6.5 வரை இருந்தால் செடி சந்தோஷமாக இருக்கும். 7-ஐத் தாண்டினால் முகம் சுளிக்கும். சிமெண்ட் கலந்த மனை மண்ணில் அது 8-ஐத் தொடுவது சாதாரணம்.

இலையை நெருங்கிப் பாருங்கள். நுனியில் உள்ள இளம் இலைகள் மஞ்சளாகவும், அவற்றின் நரம்புகள் மட்டும் பச்சை நூலில் வலை பின்னியதுபோலவும் இருக்கிறதா? கீழே உள்ள பழைய இலைகள் ஓரளவு பச்சையாகவே இருக்கின்றனவா? அப்படியானால் அது இரும்புச்சத்துப் பற்றாக்குறை. பழைய இலையில் சேர்ந்துவிட்ட இரும்பைச் செடியால் எடுத்துக் கொழுந்துக்கு அனுப்ப முடியாது, அதனால்தான் முதலில் கொழுந்து வெளுக்கிறது. முற்றிப்போனால் இலை கிட்டத்தட்ட வெள்ளையாகி ஓரம் கருகும். மாறாக, அடியிலுள்ள பழைய இலைகள் முழுவதுமாக வெளிறினால் தழைச்சத்துக் குறைவு. பழைய இலைகளில் நரம்புகளுக்கு இடையே மஞ்சள் பரவினால் மக்னீசியம். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்காமல், இலை மஞ்சள் என்றவுடன் யூரியாவை அள்ளிப் போடுவதுதான் எல்லாரும் செய்கிற முதல் தவறு.

இதில் ஒரு வேடிக்கை, மண்ணில் இரும்புக்குப் பஞ்சமே இல்லை. செம்மண்ணின் சிவப்பே இரும்புதான். காரமான மண்ணில் அது கரையாமல் கட்டிப்பட்டுக் கிடக்கிறது, வேரால் குடிக்க முடியவில்லை. பி.ஹெச் ஒரு புள்ளி ஏறினால் கரைந்திருக்கும் இரும்பு ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஆணி புதைத்துப் பயனில்லாமல் போனதும் இதனால்தான். துரு என்பது கரையாத நிலைக்குப் போய்விட்ட இரும்பு. ஏற்கெனவே மண்ணில் மூட்டையாகக் கிடக்கும் பொருளில் இன்னும் ஒரு பிடியைச் சேர்த்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

சரி, சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது? முதல் குற்றவாளி மதில். பூச்சு வேலையின்போது உதிர்ந்த சிமெண்டுக் கலவை எல்லாம் அடியில்தான் கிடக்கும், மேலே மண் போட்டு மூடியிருப்பார்கள். நான் என் செடிக்குப் பக்கத்தில் கடப்பாரை போட்டபோது, ஒரு சாண் ஆழத்தில் செங்கல் துண்டும் சாம்பல் நிறக் காரைக் கட்டியும் அடுக்கடுக்காக வந்தன. ஒரு கட்டியைக் கழுவிப் பார்த்தால், மெல்லிய வேர் அதன்மேல் சுற்றி வளைந்து திரும்பிப் போயிருந்தது. இரண்டாவது, போர்த் தண்ணீர். வாளியில் வெள்ளை வளையம், கீசரில் படிவு, குழாய் வாயில் பொருக்கு இருந்தால் உங்கள் தண்ணீரில் பைகார்பனேட் அதிகம் என்று அர்த்தம். ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் கொஞ்சம் சுண்ணாம்பைத் தெளிப்பதற்குச் சமம். முதல் வருடம் பூத்ததற்குக் காரணம், நர்சரிப் பையில் வந்த மண் உருண்டைக்குள் வேர் பாதுகாப்பாக இருந்ததுதான். வேர் வெளியே வந்ததும் பிரச்சினை ஆரம்பித்தது. மூன்றாவது, முட்டை ஓடு. அது முழுக்கச் சுண்ணாம்பு. எலும்புத் தூளிலும் சுண்ணாம்புச்சத்து நிறைய, அதோடு அதிலுள்ள மணிச்சத்து இருக்கிற கொஞ்ச இரும்பையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அடுப்புச் சாம்பலும் வேண்டாம். ரோஜாவுக்கு நல்லது என்று கேள்விப்பட்ட எதையும் இட்லிப்பூவுக்கு அப்படியே கொடுக்காதீர்கள்.

ஒரு சோதனை செய்துவிடுங்கள், ஐந்து நிமிட வேலைதான். செடியடியில் அரை அடி ஆழத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து நன்றாகக் காயவைத்து ஒரு தட்டில் பரப்புங்கள். அதன்மேல் வினிகரோ எலுமிச்சைச் சாறோ நாலு சொட்டு விட்டுக் காதருகே கொண்டுபோங்கள். சுர்ரென்று சத்தம் கேட்டு நுரை வந்தால் மண்ணில் சுண்ணாம்பு தனியாகவே கிடக்கிறது. சத்தம் லேசாக இருந்தால் செடியைக் காப்பாற்றுவது எளிது. சோடாபோலப் பொங்கினால் கொஞ்சம் பாடுபட வேண்டும். கோயம்புத்தூர் பக்கம் சுக்கான் கல் (சுண்ணாம்புக் கட்டி) உள்ள மண்ணில் சிமெண்டே விழாவிட்டாலும் இப்படிப் பொங்கும். யாழ்ப்பாணத்தில் அடியில் இருப்பதே சுண்ணாம்புப் பாறை, கிணற்றுத் தண்ணீரிலும் அதுதான் கரைந்து வருகிறது.

இப்போது வைத்தியம். முதலில் இலை வழியாக இரும்பு கொடுத்துச் செடியை நிமிர்த்துங்கள், அப்புறம் மண்ணுக்குப் போவோம். நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று கேளுங்கள். உரக்கடையில் ஃபெரஸ் சல்பேட். இரண்டும் ஒன்றுதான். வெளிர் பச்சை நிறப் படிகமாக இருக்க வேண்டும். மஞ்சள் கலந்த பழுப்பாக மாறியிருந்தால் அது காற்றுப்பட்டுக் கெட்டது, வாங்காதீர்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம், அதாவது தலை தட்டிய ஒரு டீஸ்பூன். இதைப் போர்த் தண்ணீரில் நேராகப் போட்டால் கண்ணெதிரே டீ நிறத்துக்குத் திரும்பிவிடும், இரும்பு வீண். அதனால் மழைத் தண்ணீரோ ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரோ எடுத்து, முதலில் கால் டீஸ்பூன் சிட்ரிக் அமிலம் கரைத்து, அதன்பின் அன்னபேதியைப் போடுங்கள். எலுமிச்சை உப்பு என்று மளிகைக் கடையில் கிடைப்பது இந்தச் சிட்ரிக் அமிலம்தான். சோப்புக் கரைசல் சேர்க்க வேண்டாம், சோப்பும் காரம். கலந்த அன்றே, வெயில் சாய்ந்த பிறகு, இலையின் இரண்டு பக்கமும் படும்படி தெளியுங்கள். முதல் முறை ஒரே ஒரு கிளையில் தெளித்து இரண்டு நாள் பாருங்கள், கருகல் இல்லை என்றால் மற்றவற்றுக்குப் போங்கள். பத்துப் பதினைந்து நாள் இடைவெளியில் மூன்று முறை போதும். தரை ஓட்டின்மேலும் மதில் பெயிண்டின்மேலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், துருக்கறை பிடித்தால் போகாது.

ஒரு வாரம் பத்து நாள் கழித்து இலையைப் பார்த்தால் மஞ்சள் பரப்பில் பச்சைப் புள்ளிகள் தெரியும். ஒவ்வொரு துளி விழுந்த இடமும் தனித்தனியாகப் பச்சையாகியிருக்கும். முதன்முதலில் அதைப் பார்த்தபோது நான் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன். நோய் கண்டுபிடித்தது சரிதான் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஆனால் இது தற்காலிகம். அடுத்து வரும் கொழுந்து மண்ணிலிருந்துதான் இரும்பு எடுக்க வேண்டும்.

மண் வேலைக்கு அவசரப்பட முடியாது. செடியைச் சுற்றி ஓர் அடி தள்ளி மேல்மண்ணைக் கொத்தி, கண்ணில் படும் காரைக் கட்டிகளையும் முட்டை ஓட்டையும் பொறுக்கி எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு செடிக்கும் இரண்டு டேபிள்ஸ்பூன், அதாவது 25 முதல் 30 கிராம் கந்தகத் தூளை மண்ணோடு கலந்து, மேலே நன்றாக மக்கிய தொழு உரம் இரண்டு கை போட்டு, சருகால் மூடாக்குப் போடுங்கள். கந்தகத்தை மண்ணிலுள்ள பாக்டீரியாக்கள் அமிலமாக மாற்றும். அதற்கு ஈரமும் இளஞ்சூடும் ஓரிரு மாதமும் தேவை. காய்ந்த மண்ணில் கந்தகம் மாறாமல் தூளாகவே கிடக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதே அளவு. ஒரே தடவையில் கிலோக் கணக்கில் கொட்டினால் வேர் வெந்துவிடும்.

எலுமிச்சைச் சோதனையில் மண் பொங்கியிருந்தால் கந்தகம் தோற்றுப்போகும். எவ்வளவு அமிலம் உண்டானாலும் சுண்ணாம்பு தின்றுவிடும். அங்கே வேண்டியது இ.டி.டி.ஹெச்.ஏ. வகை இரும்புச் செலேட். கருஞ்சிவப்புத் தூளாக இருக்கும், தண்ணீரில் போட்டால் பீட்ரூட் சாறுபோல நிறம் விடும். கார மண்ணிலும் இரும்பைக் கைவிடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். உரக்கடையில் இரும்புச் செலேட் என்று மட்டும் கேட்டால் பெரும்பாலும் இ.டி.டி.ஏ. வகையைக் கொடுப்பார்கள். அது விலை குறைவு, ஆனால் கார மண்ணில் சீக்கிரமே இரும்பை நழுவ விட்டுவிடும். எனக்கே ஒருமுறை அப்படித்தான் கொடுத்துவிட்டார்கள், இரண்டு மாதம் வீணானது. பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்து வாங்குங்கள். வேருக்கு ஊற்ற வேண்டிய அளவும் அதிலேயே இருக்கும்.

தண்ணீரை மாற்ற முடியாது என்பீர்கள். கொஞ்சம் மாற்றலாம். மழைநாளில் மொட்டைமாடிக் குழாயின் கீழே ஒரு டிரம் வையுங்கள். ஏசித் தண்ணீரை வீணாக்காதீர்கள், அதில் உப்பே இல்லை. ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரை மட்டும் இந்தச் செடிக்கு ஊற்றவே ஊற்றாதீர்கள். அதில் போர்த் தண்ணீரின் உப்பெல்லாம் இன்னும் கெட்டியாகச் சேர்ந்திருக்கும். போர்த் தண்ணீர்தான் கதி என்றால், வாரம் ஒருமுறை பத்து லிட்டர் வாளிக்கு அரை டீஸ்பூன் சிட்ரிக் அமிலமோ ஓர் எலுமிச்சம்பழச் சாறோ கலந்து ஊற்றுங்கள். என் அம்மா ஊரிலிருந்து வந்தால் புளித்த மோரை நீர்க்கக் கரைத்து ஊற்றுவார். அதுவும் இதே வேலையைத்தான் செய்கிறது, ஆனால் வாரா வாரம் பன்னிரண்டு செடிக்கு மோர் கட்டுப்படியாகாது.

அளவும் முக்கியம். செடி மஞ்சளாக இருக்கிறதே என்று தினமும் வாளி வாளியாக ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சுண்ணாம்பு மண்ணில் சதசதவென்று ஈரம் நின்றால் மஞ்சள் கூடும், குறையாது. இரண்டு விரல்கட்டை ஆழத்தில் மண் உலர்ந்த பிறகு ஊற்றுங்கள்.

உரம் என்று பார்த்தால், யூரியாவுக்குப் பதில் அம்மோனியம் சல்பேட் வாங்குங்கள். தழைச்சத்தும் கிடைக்கும், மண்ணைப் புளிப்புப் பக்கமும் நகர்த்தும். மாதம் ஒருமுறை செடிக்கு ஒரு டேபிள்ஸ்பூன், தண்டை ஒட்டாமல் சுற்றிப் போட்டுத் தண்ணீர் விடுங்கள். டி.ஏ.பி. வேண்டாம். மண்புழு உரம் கொஞ்சம் போடலாம். இதற்கு மேல் இந்தச் செடி எதையும் கேட்பதில்லை.

பூச்சியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் ஒரு வரி. இலையில் கரி பூசியதுபோல இருந்தால் அடியில் செதில் பூச்சியோ மாவுப்பூச்சியோ அசுவினியோ இருக்கும், எறும்பு ஏறி இறங்குவது அடையாளம். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல், மாலையில் தெளித்தால் போதும். அன்னபேதி தெளித்த நாளில் இது வேண்டாம்.

இனி பூவுக்கு வருவோம், ஏனென்றால் இலை பச்சையான பிறகும் பூ வரவில்லை என்று மறுபடி வருத்தப்படுவீர்கள். இட்லிப்பூ கிளையின் நுனியில்தான் பூக்கும். நுனியை வெட்டினால் பூவை வெட்டியதாகிவிடும். நீங்கள் வேலிபோல வளர்ப்பதால், மாதாமாதம் ஆள் வைத்துக் கத்தரியால் பெட்டிபோல நேராக வெட்டுகிறீர்களோ என்று எனக்குச் சந்தேகம். அப்படி வெட்டினால் பச்சைச் சுவர்தான் கிடைக்கும். வெட்டிய பிறகு புதுத் துளிர் வந்து, முற்றி, நுனியில் மொட்டுக் கட்ட இரண்டு மாதமாவது வேண்டும். அதனால் ஒரு பூப்பு முடிந்த உடனே, வாடிய கொத்துக்குக் கீழே இரண்டு கணு தள்ளிக் கவாத்து செய்யுங்கள், பிறகு கையை வைக்காதீர்கள். ஒரு நுனி வெட்டினால் பெரும்பாலும் இரண்டு துளிர் வரும், அடுத்த முறை இரண்டு கொத்து.

ஆனால் இப்போது வெட்டாதீர்கள். மஞ்சள் இலையோடு இருக்கும் செடியை வெட்டினால் துளிர்க்கத் தெம்பு இருக்காது. முதலில் இரண்டு மாதம் மேலே சொன்னபடி தேற்றுங்கள். கொழுந்து பச்சையாக வரத் தொடங்கியபின், ஆடியில் முதல் மழைகள் விழும்போது கவாத்து செய்தால் ஐப்பசிக்குள் பூத்துவிடும். ஒரு நாளில் ஐந்தாறு மணி நேரமாவது நேர்வெயில் விழ வேண்டும். மதில் நிழலோ மாமர நிழலோ மறைத்தால் இலை மட்டும்தான் வரும், எந்த உரத்தாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

ஆறு மாதம் இத்தனையும் செய்தும் இரண்டு மூன்று செடி தேறாமல் நின்றால், அந்த இடத்தில் மட்டும் மாற்றுங்கள். மதிலிலிருந்து மூன்று அடி தள்ளி, ஒன்றரை அடி நீள அகல ஆழத்தில் குழி எடுத்து, உள்ளே இருப்பதை முழுக்க வெளியே கொட்டிவிட்டு, இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு கழுவிய தேங்காய் நார்க்கழிவு, ஒரு பங்கு தொழு உரம் நிரப்பி நடுங்கள். நார்க்கழிவைக் கழுவாமல் போட்டால் அதில் உப்பு இருக்கும். மேடைபோலக் கட்டி நடுவதானால் உட்புறச் சிமெண்ட் பூச்சில் மண் படாமல் தடித்த பிளாஸ்டிக் விரிப்புக் கொடுங்கள். சிறிய இலையுள்ள குட்டை இட்லிப்பூ என்றால் பதினான்கு அங்குலத் தொட்டியிலேயே பல வருடம் பூக்கும். ஆனால் நாட்டுச் சிவப்பு ரகத்தின் அழகு அதில் வராது என்பது என் கருத்து. நாட்டு ரகம் வேண்டுமானால் உங்களிடம் தேறிய செடியிலேயே மழைக்காலத்தில் பாதி முற்றிய தண்டை அரை அடி நீளத்தில் வெட்டி வேர்விடச் செய்யலாம், ஒன்றரை இரண்டு மாதம் ஆகும். சோடாபோலப் பொங்கிய மண்ணில், செலேட்டுக்குச் செலவழிக்கவும் மனமில்லை என்றால் அரளி வையுங்கள். சுண்ணாம்பையும் உப்பையும் அது தாங்கும். ஆனால் அரளியின் எல்லாப் பாகமும் விஷம், வீட்டில் சிறு குழந்தையோ ஆடு மாடோ இருந்தால் நான் வைக்கமாட்டேன். இட்லிப்பூவில் அந்தப் பயம் இல்லை, பழுத்துக் கருஞ்சிவப்பான காயைக்கூடத் தின்னலாம்.

அந்தப் பழத்துக்காகவே என் வேலியின் கடைசிச் செடியில் வாடிய கொத்துகளை நான் வெட்டுவதில்லை. பட்டாம்பூச்சியும் தேன்சிட்டும் பூவுக்கு வரும், ஆனால் பழத்துக்கு வரும் கொண்டைக்குருவிகள் காலை ஆறு மணிக்கே வந்துவிடும். நீங்களும் பன்னிரண்டில் ஒன்றை அப்படி விட்டுவையுங்கள்.